எரிசக்திக் கொள்கை ஆய்வு: இந்திய வரலாறும் ஓசூர் எல்லைப் பகுதியும்

எரிசக்திக் கொள்கை ஆய்வு என்பது ஒரு நாடு எவ்வளவு மின்சாரம், எண்ணெய், நிலக்கரி, விறகு செலவழிக்கிறது என்பதையும், அது யாருக்கு, எதற்கு, என்ன விலையில் போய்ச் சேருகிறது என்பதையும் பல துறையினர் சேர்ந்து கணக்கிட்டு அரசின் முடிவுகளுக்கு அடிப்படை அமைத்துத் தரும் துறை. பொறியாளர், பொருளியலாளர், வானிலையாளர், வேதியியலாளர், சமூகவியலாளர் எனப் பலருக்கும் இதில் வேலை உண்டு. உலக அளவில் ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க் நகரில் 1972இல் தொடங்கிய ஐயாசா என்ற பன்னாட்டு ஆய்வகம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பிரிட்டன் 2004இல் இதற்கென்றே ஒரு தேசிய எரிசக்தி ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. இந்தியாவில் அப்படி ஒரே மையம் இல்லை. திட்டக் குழுவின் குழுக்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், டில்லியின் டெரி, புணேயின் பிரயாஸ், சென்னை ஐஐடி எனப் பல இடங்களில் இந்த ஆய்வு சிதறி வளர்ந்தது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இந்த வரலாற்றைப் பார்க்க வசதியான இடம். இத்துறையில் இந்தியாவின் மிக முக்கியமான சோதனைகள் நடந்த பெங்களூர் இங்கிருந்து 40 கி.மீ. அந்தச் சோதனைகள் எழுப்பிய கேள்விகள் நேரடியாக வந்து மோதும் ஆலைகள் இங்கே இருக்கின்றன. இரண்டு மாநிலங்களின் மின் வாரியங்களும் கட்டண விகிதங்களும் கொள்கைகளும் சந்திக்கும் அத்திப்பள்ளி சோதனைச்சாவடி நடுவில் இருக்கிறது.

தொடக்கம்: "எவ்வளவு வேண்டும்?"

சுதந்திர இந்தியாவின் முதல் முழுமையான முயற்சி 1963இல் அமைக்கப்பட்டு 1965இல் அறிக்கை தந்த இந்திய எரிசக்தி ஆய்வுக் குழு. நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் என வணிக எரிபொருள்களோடு விறகு, சாணம், விவசாயக் கழிவு ஆகியவற்றையும் அது ஒரே கணக்கில் கொண்டுவந்தது. அதுவரை விறகு எந்த அமைச்சகத்தின் கணக்கிலும் ஒழுங்காக வந்ததில்லை.

அடுத்து சுகமய் சக்ரவர்த்தி தலைமையில் எரிபொருள் கொள்கைக் குழு அமைந்தது. அது 1974இல் அறிக்கையை முடித்தபோது அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்குப் பிறகு கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்காகியிருந்தது. இறக்குமதி எண்ணெயை நம்பி ஓட முடியாது, நிலக்கரியே முதுகெலும்பு என்ற முடிவு அப்போது உறுதியானது. 1979இல் என்.பி. பிரசாத் தலைமையிலான எரிசக்திக் கொள்கைப் பணிக்குழுவும், 1983இல் அமைந்த எரிசக்தி ஆலோசனை வாரியமும் அதே வழியில் நீண்டகாலத் தேவைகளைக் கணித்தன.

இந்த அறிக்கைகளுக்கு ஒரு பொதுவான குணம் இருந்தது. கடந்த பத்து, இருபது ஆண்டு வளர்ச்சியை எடுத்து, அந்தக் கோட்டை முன்னால் நீட்டி, அந்த அளவுக்கு அனல் நிலையமும் அணையும் கட்ட வேண்டும் என்று சொல்வார்கள். அந்த மின்சாரம் எந்த வேலைக்குப் போகும் என்பது இரண்டாம் கேள்வியாகவே இருந்தது.

அமுல்ய ரெட்டியும் அஸ்த்ராவும்

அந்த இரண்டாம் கேள்வியை முதலில் வைத்தவர் ஒரு மின்வேதியியலாளர். அமுல்ய குமார் என். ரெட்டி (1930–2006) பெங்களூரில் பிறந்தவர். ஜான் பாக்ரிஸுடன் சேர்ந்து 1970இல் அவர் எழுதிய மின்வேதியியல் பாடநூல் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் படிக்கப்பட்டது. 1974இல் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் அஸ்த்ரா என்ற பிரிவைத் தொடங்கினார். கிராமப்புறங்களுக்கு அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் கொண்டுபோவது அதன் நோக்கம். இன்று அது நிலைத்த தொழில்நுட்பங்களுக்கான மையம் என்ற பெயரில் இயங்குகிறது.

அஸ்த்ராவின் ஆட்கள் தும்கூர் மாவட்டம் குணிகல் வட்டத்தின் உங்ரா கிராமத்தில் ஒரு களமையம் போட்டுத் தங்கினார்கள். சுற்றுப்புறக் கிராமங்கள் ஆறில் வீடு வீடாகப் போய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் விறகு பொறுக்குகிறார்கள், எத்தனை குடம் தண்ணீர் சுமக்கிறார்கள், மாடு எவ்வளவு நேரம் உழுகிறது, மண்ணெண்ணெய் எத்தனை போத்தல் என்று எழுதினார்கள். மின்சாரம் அங்கே ஒரு சின்னப் பங்குதான் என்று தெரிந்தது. பெரும்பகுதி எரிசக்தி சமையல் விறகு. அதை முக்கியமாகப் பெண்களும் பிள்ளைகளும் சுள்ளியாகப் பொறுக்கி வந்தார்கள். கிராமத்து அடுப்பு மரங்களை வெட்டிக் காட்டை அழிக்கிறது என்ற பொதுப்பேச்சு அந்தக் கிராமங்களில் பொருந்தவில்லை.

அப்படியானால் மரம் யாருக்காக வெட்டப்பட்டது? 1980களின் தொடக்கத்தில் ரெட்டியும் பி. சுதாகர் ரெட்டியும் பெங்களூர் நகரின் விறகு வணிகத்தை ஆராய்ந்தார்கள். லாரி லாரியாக வந்து நகரத்துக்குள் இறங்கிய விறகும், அதை வாங்கியே ஆக வேண்டியிருந்த ஏழைக் குடும்பங்களும் அந்த ஆய்வில் வெளிப்பட்டன. மரம் வெட்டப்பட்டது நகரத்து அடுப்புகளுக்காக என்ற இந்த முடிவுக்கு ஒரே ஒரு துறையின் பார்வை போதாது.

உங்ராவுக்கு அருகிலுள்ள புரா கிராமத்தில் சமூகச் சாண எரிவாயு நிலையம் அமைத்தார்கள். முதலில் அந்த வாயுவைச் சமையலுக்குக் கொடுத்தார்கள். இருந்த மாடுகளின் சாணத்திலிருந்து வந்த வாயு எல்லா அடுப்புக்கும் போதவில்லை, திட்டம் நின்றது. பிறகு கிராமத்தாரிடமே என்ன வேண்டும் என்று கேட்டபோது குடிநீர் என்றார்கள். 1987இல் அதே வாயு ஒரு சிறு இன்ஜினை ஓட்டி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரேற்றி, வீடுகளுக்கு விளக்கும் கொடுத்தது. சாணம் கொடுப்போருக்குக் கழிவு எருவாகத் திரும்பியது.

கர்நாடகத்தின் கணக்கு

கர்நாடக அரசு நியமித்த நீண்டகால மின்திட்டக் குழு 1987இல் தந்த அறிக்கையில், 2000ஆம் ஆண்டுக்குள் மாநிலத்துக்கு 47,520 ஜிகாவாட் மணி மின்சாரமும் சுமார் 9,400 மெகாவாட் நிறுவுதிறனும் வேண்டும் என்று சொன்னது. அவ்வளவு முதலீட்டுக்கு மாநிலத்திடம் பணமில்லை.

ரெட்டி தன் குழுவினரோடு வேறு வழியில் கணக்குப் போட்டார். டிஃபெண்டஸ் என்று பெயரிடப்பட்ட அந்த முறை வீடு, பாசனம், ஆலை என ஒவ்வொரு பயன்பாட்டையும் தனித்தனியாக எடுத்தது. எல்லா வீட்டுக்கும் மின் இணைப்பு உண்டு, பம்புசெட்டுக்கும் உண்டு. ஆனால் குண்டு பல்புக்குப் பதில் சிறு குழல்விளக்கு, மின்சார கெய்சருக்குப் பதில் சூரிய வெந்நீர்க் கலம், மின் அடுப்புக்குப் பதில் சமையல் எரிவாயு, மோசமான பம்புக்குப் பதில் நல்ல பம்பு. 1991இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி இதழில் வெளிவந்த அந்தக் கணக்கின்படி அரசுக் குழு சொன்னதில் ஐந்தில் இரண்டு பங்கு மின்சாரமே போதும்.

அப்போதைய மின்துறை வட்டாரம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. விளக்கை மாற்றுவது வாரியத்தின் வேலையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசு நிறுவனமான இஇஎஸ்எல் எல்இடி பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், கொள்முதல் விலை சில ஆண்டுகளில் முந்நூறு ரூபாய்க்கு மேலிருந்து ஐம்பதுக்குக் கீழே வந்தது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகிக்கப்பட்டன. விளக்கை மாற்றுவதும் மின்திட்டம்தான் என்பது அதற்குள் அரசின் நடைமுறையாகிவிட்டிருந்தது.

ரெட்டி பிரேசிலின் ஹோசே கோல்டெம்பெர்க், சுவீடனின் தாமஸ் ஜோஹான்சன், அமெரிக்காவின் ராபர்ட் வில்லியம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, தலைக்கு ஒரு கிலோவாட் எரிசக்தியை நல்ல கருவிகளோடு பயன்படுத்தினால் வளரும் நாடுகளும் வசதியான வாழ்க்கைத் தரத்தை எட்டலாம் என்ற வாதத்தை 1985இல் முன்வைத்தார். நால்வருக்கும் 2000ஆம் ஆண்டின் வோல்வோ சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

காற்றை அளந்தவர்

அதே பெங்களூரில் இன்னொரு வகை அடித்தளமும் போடப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி (1918–2001), இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வுபெற்றார். பிறகு பெங்களூரில் இருந்தபடி நாடு முழுவதும் சூரியக் கதிர்வீச்சையும் காற்று வேகத்தையும் அளந்து தொகுக்கும் பணியில் இறங்கினார். எந்த மலைக்கணவாயில் எந்த மாதம் எவ்வளவு காற்று என்ற அட்டவணை இல்லாமல் காற்றாலைக்கு வங்கிக் கடன் கிடைக்காது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது. முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் பின்னால் வந்தன. 1998இல் சென்னையில் தொடங்கிய காற்றாற்றல் மையம் இன்று தேசிய காற்றாற்றல் நிறுவனமாக அந்த அளவீட்டைத் தொடர்கிறது.

மின்வெட்டுக் காலமும் ஓசூர் ஆலைகளும்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் உருவானது. டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகள் அந்தப் பத்தாண்டின் முடிவையொட்டி வந்தன. 1980களின் நடுவில் டைட்டன் வந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊர். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது.

2008 நவம்பரில் தமிழ்நாடு அரசு உயரழுத்த மின் நுகர்வோருக்குக் கட்டாயக் கட்டுப்பாடு விதித்தது. அது 2015 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பகலில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் சாதாரணம். பெரிய ஆலைகள் திருநெல்வேலிப் பக்கம் காற்றாலை வாங்கி, வாரியத்தின் கம்பி வழியே அந்த மின்சாரத்தை ஓசூருக்குக் கொண்டுவந்தன. வீசும் மாதங்களில் மிஞ்சியதை வாரியத்திடம் "பேங்க்" செய்து வைத்து, வீசாத மாதங்களில் எடுத்துக்கொண்டன. தாழ்வழுத்த இணைப்பில் ஓடிய சிறு பட்டறைக்கு அந்த வழி இல்லை. டீசல் ஜெனரேட்டர் வைத்தவர் ஒரு யூனிட்டுக்கு இரண்டு மடங்குக்கு மேல் செலவழித்தார். வைக்காதவர் ஷிப்டை ராத்திரிக்கு மாற்றினார்.

பற்றாக்குறைக்குக் காரணம் உற்பத்தி மட்டும் அல்ல. அப்போது தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே அலைவெண்ணில் இணைந்திருக்கவில்லை. வடக்கிலும் மேற்கிலும் மின்சாரம் மிஞ்சினாலும் குறைந்த அளவே தெற்கே வர முடிந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கியபோதுதான் ஒரே தேசியத் தொகுப்பு உருவானது. இலவசப் பாசன மின்சாரம், தாமதமான அனல் நிலையங்கள், கம்பி இல்லாமை, கட்டண அரசியல் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு முன்பே கொள்கைக்கு வந்திருந்தால் ஓசூரின் ஏழாண்டுத் தவிப்பு இவ்வளவு நீண்டிருக்காது என்ற விமர்சனம் அதனாலேயே எழுந்தது.

மின்வெட்டு ஒரு பாடத்தையும் விட்டுச் சென்றது. உயரழுத்த இணைப்புள்ள ஆலையின் மாதாந்திர ரசீதில் யூனிட் ஒரு வரிதான். உச்சத் தேவை எத்தனை கே.வி.ஏ., பவர் ஃபேக்டர் எவ்வளவு, காலை மாலை உச்சநேரத்தில் எத்தனை யூனிட், இரவில் எத்தனை என்று தனித்தனி வரிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் பணம் உண்டு. 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சிக்கனச் சட்டத்தின் கீழ் 2002இல் உருவான எரிசக்தித் திறன் செயலகம் (பிஇஇ) சான்றளித்த தணிக்கையாளர்கள் அந்த ரசீதை விரித்து வைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். அடுத்து அவர்கள் போவது பெரும்பாலும் கம்ப்ரஸர் அறைக்கு. உதிரிபாகப் பட்டறைகளில் அழுத்தக் காற்று மிக விலையுயர்ந்த எரிசக்தி; உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். மதிய இடைவேளையில் எந்திரங்கள் நின்ற பிறகும் குழாய் இணைப்பில் "உஸ்" என்று காற்று கசியும் சத்தம் கேட்டால், அங்கே பணம் கசிகிறது என்று அர்த்தம்.

காலநிலை உள்ளே வந்த பிறகு

2006இல் கிரித் பாரிக் தலைமையிலான குழு ஒருங்கிணைந்த எரிசக்திக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 8 விழுக்காடு வளர்ச்சி வேண்டுமானால் 2031–32க்குள் மின்சாரம் 2003–04இன் அளவைப் போல ஐந்து, ஆறு மடங்காக வேண்டும் என்றது. இரண்டு ஆண்டு கழித்து, 2008 ஜூனில் காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டம் எட்டு இயக்கங்களோடு வந்தது. எரிபொருள் கணக்கும் கரியமிலக் கணக்கும் அப்போதிலிருந்து ஒரே ஏட்டில் எழுதப்படலாயின.

2014இல் திட்டக் குழு வெளியிட்ட 2047ஆம் ஆண்டுக்கான எரிசக்திக் கணிப்பி ஒரு புதிய வடிவம். பிரிட்டனில் இயற்பியலாளர் டேவிட் மெக்கே உருவாக்கிய கணிப்பியை மாதிரியாகக் கொண்டது. யார் வேண்டுமானாலும் கணினியில் அணுமின்சாரத்தை ஏற்றி, கட்டடங்களின் மின்செலவைக் குறைத்து, இறக்குமதியும் புகையும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கலாம். பெங்களூரில் வி.எஸ். அருணாசலம் 2005இல் நிறுவிய சிஸ்டெப், டில்லியின் சியூ, டெரி ஆகிய ஆய்வு நிறுவனங்கள் தங்கள் சொந்த மாதிரிகளோடு இந்த விவாதத்தில் இருக்கின்றன. 2021இல் கிளாஸ்கோவில் 2070க்குள் நிகரச் சுழிய உமிழ்வு என்று இந்தியா அறிவித்தபின் இந்த மாதிரிகளுக்கு வேலை கூடியது.

ஸ்கூட்டரும் பேட்டரி செல்லும்

பெட்ரோலிய அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவுக்காக நடந்து 2014இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, இந்தியாவில் விற்ற பெட்ரோலில் சுமார் 61 விழுக்காடு இருசக்கர வண்டிகளுக்குப் போனதைக் காட்டியது. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு, கார்களைவிட ஸ்கூட்டர்தான் முதல் இலக்கு என்பதற்கு இதைவிடப் பலமான வாதம் தேவையில்லை. 2013இல் மின்வாகனத் தேசியத் திட்டம், 2015இல் ஃபேம் மானியம், 2019இல் 10,000 கோடி ரூபாயோடு அதன் இரண்டாம் கட்டம். மாநிலங்களில் கர்நாடகம் 2017இல் முதல் மின்வாகனக் கொள்கையை வெளியிட்டது, தமிழ்நாடு 2019இல்.

பலன் எல்லையின் இந்தப் பக்கம் இறங்கியது. ஐஐடி சென்னையில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் தொடங்கிய மின் ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர், பெங்களூர் ஒயிட்ஃபீல்டிலிருந்து உற்பத்தியை 2021இல் ஓசூருக்கு மாற்றியது. போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் ஓலா ஆலை வந்தது. அதே வளாகத்தில் லித்தியம் செல் ஆலையும் எழுந்தது. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி, ஓசூரில் டிவிஎஸ் ஐக்யூப். ஏத்தர் வடிவமைத்த சார்ஜிங் செருகியை அடிப்படையாகக் கொண்டு, இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கான தரத்தை இந்தியத் தர அமைவனம் 2023இல் ஏற்றது.

இந்தத் துறையில் ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஐஐடி சென்னையின் அசோக் ஜுன்ஜுன்வாலா மானியத்தை நம்பாமல், சிறிய பேட்டரி வைத்து, தேவையானபோது மாற்றிக்கொள்ளும் வழியை முன்வைத்தார். அரசு மானியத்தையே பெரிதும் நம்பியது. 2023 ஜூன் 1 முதல் அதை ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், வண்டி விலையில் 40 விழுக்காட்டு உச்சவரம்பிலிருந்து 15 ஆகவும் குறைத்தது. போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகும் விவசாயிக்கும் ஒயிட்ஃபீல்டில் வேலைக்குப் போகும் பொறியாளருக்கும் ஒரே மானியம் பொருந்துமா என்ற கேள்வி அதோடு முடியவில்லை.

எல்லை தாண்டும் கணக்கு

மின் ஸ்கூட்டர் உண்மையில் எவ்வளவு புகையைக் குறைக்கிறது? இந்தியத் தொகுப்பு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. நூறு கி.மீ. ஓட, சார்ஜிங் இழப்பையும் சேர்த்து நான்கு யூனிட் என்று வைத்தால் 2.8 கிலோ. பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 4.6 கிலோ. லாபம் உண்டு, ஆனால் புகையே இல்லை என்ற விளம்பரம் உண்மையல்ல. லித்தியம் செல் தயாரிக்கும்போது செலவாகும் மின்சாரமும் வெப்பமும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

ஓசூரில் இந்தக் கணக்கு மேலும் சிக்கலாகிறது. வண்டி தமிழ்நாட்டு மின்சாரத்தில் உருவாகிறது, கர்நாடக மின்சாரத்தில் சார்ஜ் ஆகிறது, பெங்களூரின் காற்றைச் சுத்தமாக்குகிறது. ஆலைத் தண்ணீரும் கழிவும் இரண்டு மாநிலங்களுக்கும் பொதுவான தென்பெண்ணைப் படுகையைச் சேர்ந்தவை. மாநில வாரியாகப் போடும் காலநிலைச் செயல்திட்டங்கள் இந்தச் சங்கிலியை அத்திப்பள்ளியில் வெட்டிவிடுகின்றன. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காலநிலை மாற்ற இயக்கம் எல்லா மாவட்டங்களிலும் ஆட்சியரை இயக்குநராகக் கொண்டு மாவட்ட இயக்கங்களை அமைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கணக்கும் மாவட்ட எல்லையோடு நிற்கும்.

2025 ஜூனில் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாத மூலங்களைச் சேர்ந்ததாயிற்று. ஆண்டு முழுவதும் உற்பத்தியாகும் யூனிட்டில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரி. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது, மாலையில் போதவில்லை. 2023 ஜூனில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் சூரிய நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து உச்சநேரத்தில் கூட்டச் சொல்கின்றன. ஆலைகளுக்கும் வணிகத்துக்கும் 2024 ஏப்ரல் முதல், பாசனம் தவிர மற்ற நுகர்வோருக்கு 2025 ஏப்ரல் முதல். ரெட்டி குழு பம்புக்கும் விளக்குக்கும் எவ்வளவு என்று கேட்டது. இப்போதைய ஆய்வு அதே பம்பும், பட்டறையும், இரவு பத்து மணிக்குச் செருகப்படும் ஸ்கூட்டரும் எந்த மணி நேரத்துக்கு மாறினால் நிலக்கரி குறையும் என்று மணிவாரியாகக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்குக்கு மின்பொறியாளரோடு கட்டணப் பொருளியலாளரும், ஷிப்ட் நேரம் மாறினால் வேலைக்கு வரும் பெண்களின் பயணம் என்னாகும் என்று கேட்கும் சமூக ஆய்வாளரும் தேவைப்படுகிறார்கள்.